இரண்டாம் எண் கணினி

கொரடாச்சேரி கிளை நூலகத்தில்
கணினிகள் மூன்று. ஓடுவது ஒன்று.
ஓடுகிறதற்கு எண் இரண்டு.

சுவரில் விதிகள் பதினொன்று.
மாவட்ட அலுவலகத் தாளைப் பார்த்து
நான்தான் தட்டச்சு செய்து ஒட்டினேன்.
பேரேட்டில் பெயர், ஊர், நேரம், ஒப்பம்.
ஒருவருக்கு அரை மணி.
பின்னால் ஆள் நின்றால்
அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது.
கடைசி வரி தாளில் இல்லை,
நான் சேர்த்தது.

மின்வெட்டு நேரம் கணக்கில் வராது என்பதும்
நான் பேனாவால் எழுதியதுதான்,
காப்பணாமங்கலம் அஞ்சம்மாள்
காப்பீட்டுக்குக் கடைசி நாளில்
அடங்கல் இறக்கி முடிக்கிற நொடியில் கரண்ட் போய்
மேசையில் தலை கவிழ்த்த அன்று.

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர், விதி நான்கு.
இங்கே அறை முழுக்கக் கேட்கத்தான் சொல்கிறார்கள்.
"பெரிய மருமவ பேரு, அப்புறம் ஒன்னு ரெண்டு மூனு, போடும்மா."
ஓடிபி மட்டும் அபுதாபிக்குப் போகும்.
மகன் டூட்டியில் இருப்பான்.

சுட்டியை மெதுவாக அழுத்தவும்.
பம்புசெட் சுவிட்சைத் தட்டுகிற கைக்கு
அது கொஞ்சம் சிரமம்.
பதர் விழுந்து விழுந்து
அழிக்கும் விசை மட்டும் டக்கென்று சத்தம் போடுகிறது.
யார் எத்தனை எழுத்தை அழிக்கிறார்கள் என்று
தினசரி படிக்க வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

கணினிப் பெட்டி அரசிதழ்க் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது,
வெட்டாறு உள்ளே வந்து போன ஐப்பசியிலிருந்து.
அதற்கு விதி ஒன்றும் இல்லை.

நேற்று நாலரைக்கு
பக்கிரிசாமி, கண்கொடுத்தவனிதம்.
கொள்முதல் நிலையத்தில் சாக்கு தைக்கிறவர்.
ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்.
ஹால் டிக்கெட்டுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள்.
ஐந்தடித்ததும் "ஐயா, நேரம்" என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் எழுந்தார்.
எதையும் மூடாமல் போனார்.
பிள்ளைகள் வேறொரு ஜன்னல் திறந்து
வேலை முடித்துக்கொண்டார்கள்.

அடுத்தவர் திரையைப் பார்க்கக் கூடாது, விதி ஆறு.
பூட்டப் போகையில் பார்த்துவிட்டேன்.
ஒரே ஒரு வரி.

நீ இந்த வாசலை மிதிக்கக் கூடாதென்று சொன்னவன் நான்தான் ஆனால்

அதற்குப் பக்கத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.
ஆ, ன, கால், ல, புள்ளி.
அந்தச் சொல்லுக்கு ஐந்து தட்டல்.
ஐந்தையும் தட்டிவிட்டு நின்ற மனிதரை
எழுப்பியவள் நான்.

மாலையில் அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், விதி ஒன்பது.
சேமிக்கலாம்தான்.
எந்தப் பெயரில்?

திரையை மட்டும் அணைத்தேன்.
பச்சை விளக்கு விடிய விடிய
அரசிதழ்களின் மேல் எரிந்திருக்கும்.
நான் என் வீட்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தேன்.
இரண்டு மணி வாக்கில் அது ஒரு முறை தயங்கியது.
நிற்கவில்லை.

காலையில் நான் சாவி எடுக்கும் முன்பே நின்றார்.
சட்டையில் சணல் தும்பு.
"நேத்து பாதில வந்துட்டேன்..."
"இருக்கு" என்றேன்.
பேரேட்டை நீட்டவில்லை.

முதுகைக் காட்டிக்கொண்டு
திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கினேன்.
வெகுநேரம் சத்தமே இல்லை.
ரயில்வே கேட் மூடி, பாசஞ்சர் போய்,
கேட் திறந்து, வண்டிகள் எல்லாம் கடந்து,
அப்புறம்

டக்.
டக்.
டக்.

கையிலிருந்த புத்தகம்
எந்த அடுக்குக்கு என்று மறந்துபோயிற்று.

டக்.
டக்.

அச்சுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
சரியான சில்லறை வைத்திருந்தார்.
தாள் கவிழ்ந்தபடி வந்து விழுந்தது.
கவிழ்ந்தபடியே மடித்துக் கொடுத்தேன்.